உரத்த இசைக்குழுவில் மின்கிட்டாரின் நிறைவான தொனி

உரத்து வாசிக்கும் ராக் குழுவில் மின்கிட்டாரின் தொனி நிறைவாகக் கேட்பது பெரும்பாலும் நடு அதிர்வெண்களால்தான். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முழங்கும்போது கிட்டார் அமுங்கிப்போனால், ஒலியளவைக் கூட்டவே பலரும் முதலில் முனைவார்கள். அதில் கிடைக்கும் பலன் சிறிது. 50 வாட் ஆம்ப்ளிஃபையரை 100 வாட்டாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை.

சிக்கல் இடநெருக்கடியில் இருக்கிறது. வழக்கமான சுருதியில் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் முதல் மேற்சுரம் விழும் 82 ஹெர்ட்ஸ்தான் கிட்டாரின் தடித்த தந்திக்கு உரிய இடம். கிக் டிரம்மின் அடியும் அந்த வட்டாரத்திலேயே விழுகிறது. மேலே சிம்பல்கள் பரந்து நிற்கின்றன. அருகருகே உள்ள அதிர்வெண்களில் வலுத்த ஒலி மெலிந்த ஒலியை மறைத்துவிடும் என்பது செவிப்புலனின் இயல்பு. எனவே கிட்டாருக்கு எஞ்சுவது ஏறத்தாழ 400 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி.

வீட்டில் தனியாக வாசிப்பவர் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் குறைக்கிறார். பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட் குமிழை இறக்கினால் தனிக் கிட்டார் பிரம்மாண்டமாக ஒலிக்கும். அதே அமைப்போடு குழுவில் வாசித்தால் அதன் அடிப்பகுதியைப் பேஸ் கிட்டாரும் மேற்பகுதியைச் சிம்பல்களும் விழுங்கிவிடும். குமிழ்களை எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது திருப்புவதே சரியான வழி. அப்போது பொருத்தமாகக் கேட்கும் தொனி, தனியே கேட்டால் சற்று மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்களில் பரவலாக உள்ள தொனிச்சுற்று, குமிழ்கள் எல்லாம் நடுவில் நின்றாலும் நடு அதிர்வெண்களைக் குறைத்தே அனுப்புகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய ஆம்ப்களின் வரலாறு லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் நடத்திய இசைக்கருவிக் கடையோடு பிணைந்தது. அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேனை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் அங்கே ஜேடிஎம்45 உருவானது. பேஸ்மேனின் பின்புறம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. மார்ஷலோ 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை மூடிய பெட்டிக்குள் வைத்தார். ஒலி இறுகி முன்னோக்கிப் பாய்ந்தது. இன்னும் உரப்பு வேண்டும் என்று தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கேட்டதன் விளைவாக 1965இல் 100 வாட் ஆம்ப் வந்தது.

ஆனால் வாட் பந்தயத்துக்கு வெளியே நின்று சாதித்தவர் குயின் குழுவின் பிரையன் மே. அவர் நம்பியது 30 வாட் வாக்ஸ் ஏசி30. தந்தையோடு சேர்ந்து தானே செய்த கிட்டாருக்கும் அந்த ஆம்புக்கும் நடுவே ஒரு ட்ரெபிள் பூஸ்டரை வைத்தார். அது அடித்தளத்தை மெலிதாக்கி, மேல்பகுதியை வலுப்படுத்தி அனுப்ப, முழு ஒலியளவில் திணறும் ஆம்பின் வால்வுகள் நடுப்பகுதியைத் தடிக்கச் செய்தன. கீழ் அதிர்வெண்களைக் கழித்த பிறகே தொனி தடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1970களின் இறுதியில் வெளிவந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் பெருக்கம் குறைந்துகொண்டே போகும், நடுப்பகுதி மேடாகும். நடுப்பகுதி பள்ளமாக உள்ள ஃபெண்டர் ஆம்ப்களோடு ஸ்டீவி ரே வான் அதை இணைத்து வாசித்தார். மெட்டல் கலைஞர்கள் அதன் டிரைவ் குமிழைத் தாழ்த்தி, லெவலை உயர்த்தி, அடித்தந்திகளின் குழைவை நீக்கப் பயன்படுத்துகிறார்கள்.

நடுப்பகுதியைக் குறைப்பதற்கு அடுத்த தவறு, கெயினை, அதாவது ஆம்பின் முன்பெருக்கத்தைக் கூட்டுவது. டிஸ்டார்ஷன் ஏற ஏற ஒலியின் ஏற்ற இறக்கம் தட்டையாகும். பல சுரங்கள் கொண்ட கார்டுகள் கலங்கிப்போகும். ஏசி/டிசி குழுவின் மால்கம் யங் தடித்த தந்திகளைக் கட்டி, கெயினைக் குறைத்து, அழுத்தமாக மீட்டினார். அந்தக் குழுவின் பாடல்களில் கேட்கும் பெரிய சுவர் போன்ற ஒலிக்கு அவருடைய கைதான் அடிப்படை.

ஆம்பை வைக்கும் இடமும் தொனியை மாற்றும். தரையோடும் சுவரோடும் ஒட்டி வைத்தால் அடித்தளம் ஊதிப்போகும். 12 அங்குல ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களை நேர்க்கோட்டில்தான் வீசுகிறது; ஆகவே காலடியில் இருக்கும் ஆம்ப் வாசிப்பவருக்கு மந்தமாகவும், எதிரே இருப்பவருக்குக் கூர்மையாகவும் கேட்கும். மந்தமாகக் கேட்பவர் ட்ரெபிளை மேலும் ஏற்றுவார், அவதி ரசிகர்களுக்கு. நாற்காலியில் உயர்த்தி வைத்தாலோ பின்னோக்கிச் சாய்த்து வைத்தாலோ ஒலி காதை நேராக எட்டும். குறைந்த ஒலியளவும் போதுமானதாகிவிடும்.

ஒலியளவைக் குறைப்பது காதுகளுக்கும் முக்கியம். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் கொண்ட ஒத்திகை அறையில் காதடைப்பான் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடம்.