வெஃகுதல்

நடவுக்கு முன் வயலில் அண்டை வெட்டுவார்கள். வரப்பின் பக்கவாட்டுப் புல்லைச் செதுக்கிவிட்டுச் சேறு அள்ளி அணைப்பது வழக்கமான வேலை. மண்வெட்டி சற்று ஆழமாக இறங்கினால் நான்கு விரல் மண் நம் பக்கம் வந்துவிடும். சில போகங்கள் இப்படிப் போனால், இருவர் ஒதுங்கி நடந்த வரப்பு ஒற்றைக் காலடிக்குச் சுருங்கிவிடும். இதைச் செய்பவரைப் பேராசைக்காரர் என்றால் சொல் ஒட்டவில்லை. நான்கு விரல் மண்ணில் 'பேர்' எங்கே இருக்கிறது?

இதற்கென்றே ஒரு வினை இருந்தது: வெஃகுதல். திருக்குறளின் 18-ஆம் அதிகாரம் வெஃகாமை. அழுக்காறாமையை அடுத்து வருகிறது. பிறர் வாழ்வைக் கண்டு புழுங்குவது முதலில், அவர் பொருள்மேல் கண் வைப்பது பிறகு. பத்துக் குறளிலும் இந்த வினை ஏதாவது ஒரு வடிவில் தவறாமல் இருக்கிறது. இல்லாமையைக்கூட வள்ளுவர் சாக்காக ஏற்கவில்லை.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 176-ஆம் குறளில். அங்கே அருளை நாடுவதும் வெஃகுதல்தான், பொருளை நாடுவதும் வெஃகுதல்தான். சொல்லின் அடியில் இருப்பது மிகுந்த விருப்பம் மட்டுமே. அது அடுத்தவர் எல்லைக்குள் கால் வைக்கும்போது குற்றமாகிறது.

பேராசையின் கணக்கு வேறு. அது அளவைப் பார்க்கிற சொல். அதிலுள்ள ஆசை வடமொழியில் எதிர்பார்ப்பைக் குறித்த 'ஆசா'. ஆசை என்ற சொல்லை வள்ளுவரே 266-ஆம் குறளில் ஆள்கிறார். இவறல் என்றும் ஒன்று உண்டு: தன்னிடம் இருப்பதை ஈயாமல் இறுக்கிப் பிடிப்பது. அது வழக்கொழிந்தாலும் கஞ்சத்தனமும் கருமித்தனமும் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. வெஃகுதலுக்கு அப்படி ஒரு வாரிசு இல்லை. அந்தச் சொல் மறைந்ததற்கு, ஆய்தம் பேச்சு நாவுக்குக் கடினம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எஃகு பிழைத்திருக்கிறதே. கையில் பிடிக்க ஒரு பொருள் அதற்கு இருந்தது.

இப்போது, உழைத்து நிறையச் சேர்க்க நினைப்பவரையும் பக்கத்து வரப்பை அரிப்பவரையும் ஒரே 'பேராசை'யால் ஏசுகிறோம். முன்னவருக்கு இது அநியாயம்.

வரப்புத் தகராறு முற்றினால் சர்வேயரை அழைத்து, அளந்து, கல் நடுகிறார்கள். எத்தனை அங்குலம் போயிற்று என்று தெரிந்துவிடுகிறது. நடந்த காரியத்துக்குப் பெயர் கேட்டால், திருட்டு என்பார் ஒருவர், ஆசை என்பார் இன்னொருவர்.