பெர்லின் 100-ஆம் நம்பர் பஸ்: ராத்திரியில் நடந்த சரித்திரம்

பெர்லினில் 100 என்று ஒரு டவுன் பஸ் ஓடுகிறது. மஞ்சள் நிற மாடி பஸ். மேற்கே மிருகக்காட்சி சாலை ரயில் நிலையத்தில் கிளம்பி, கிழக்கே அலெக்சாண்டர் சதுக்கத்தில் முடியும். சுமார் அரை மணி நேரப் பயணம். சுற்றுலா பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம், சாதாரண டிக்கெட்டே போதும். நகரத்தின் முக்கியமான கட்டடங்களில் பாதி இந்த ஒரே தடத்தில் வந்துவிடும்.

இந்தத் தடமே ஒரு சரித்திர ஆவணம்தான். 1961 முதல் 1989 வரை 28 வருஷம் இந்தப் பாதையில் எந்த பஸ்ஸும் போயிருக்க முடியாது. குறுக்கே சுவர். 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அடுத்த மாதமே மேற்கின் மையத்தையும் கிழக்கின் மையத்தையும் இணைத்து 100 ஓட ஆரம்பித்தது.

வழிகாட்டிப் புத்தகங்கள் பகலில் ஏறச் சொல்லும். நான் ராத்திரியில் ஏறச் சொல்வேன். விளக்கு அலங்காரத்துக்காக இல்லை. 20-ஆம் நூற்றாண்டு பெர்லினின் பெரிய தேதிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மணியையும் குறித்துப் பாருங்க. ஹிட்லர் பதவிக்கு வந்த அன்றைய ஊர்வலம், நாடாளுமன்றம் எரிந்தது, புத்தகங்களை எரித்தது, சுவர் எழுந்தது, சுவர் விழுந்தது, நாடு ஒன்றானது... எல்லாமே இருட்டிய பிறகு நடந்தவை. இது வெறும் தற்செயல்தானா? பஸ்ஸில் போய்க்கொண்டே யோசிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பஸ் தேதி வரிசைப்படி போகாது.

முதலில் வருவது கைசர் வில்ஹெல்ம் நினைவு தேவாலயம். 1895-இல் திறந்தது. 1943 நவம்பர் 22-23 இரவு விமானக் குண்டுவீச்சில் நொறுங்கியது. போருக்குப் பிறகு புதிய தேவாலயம் கட்ட வந்த கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மன், மிச்சமிருந்த மொட்டைக் கோபுரத்தை இடித்துவிட நினைத்தார். ஊர்க்காரர்கள் விடவில்லை. அதனால் சிதைந்த கோபுரம் அப்படியே நிற்க, பக்கத்தில் எண்கோண வடிவில் புதுக் கட்டடம் வந்தது. அதன் சுவர்கள் இரட்டைச் சுவர்கள், இரண்டிலும் நீலக் கண்ணாடி, நடுவில் விளக்குகள். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறப் பெட்டி மாதிரிதான் இருக்கும். ராத்திரியில்தான் மொத்தமும் நீலமாக ஒளிரும். 1961 டிசம்பரில் இது திறந்தபோது சுவருக்கு வயது நான்கு மாதம்.

அதே தேவாலயத்தின் படிகளில் பொன்னிறத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது. 2016 டிசம்பர் 19 மாலை, இங்கே நடந்த கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒருவன் லாரியை ஓட்டிப் பலரைக் கொன்றான். அதன் நினைவுச் சின்னம் அது.

அடுத்து பஸ் டியர்கார்ட்டன் பூங்காவுக்குள் நுழையும். நடுவே வெற்றித் தூண், உச்சியில் தங்கச் சிறகோடு ஒரு தேவதை. 1873-இல் இது நின்ற இடம் நாடாளுமன்றக் கட்டடம் பிறகு எழுந்த சதுக்கம். தலைநகரையே மாற்றிக் கட்டும் திட்டத்துக்காக நாஜிகள் 1938-39-இல் இங்கே பெயர்த்து வைத்தார்கள். போரில் தப்பித்த பெரிய சின்னங்களில் இதுவும் ஒன்று.

பூங்காவைத் தாண்டினால் இடது பக்கம் ரைஷ்டாக், அதாவது நாடாளுமன்றக் கட்டடம். 1933 பிப்ரவரி 27, இரவு ஒன்பது மணி வாக்கில் தீப்பிடித்தது. உள்ளே பிடிபட்டவன் மரினுஸ் வான் டெர் லூபே என்ற டச்சு இளைஞன். மறுநாளே அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் ஒரே தாளில் போய்விட்டன. ஹிட்லர் ஆட்சி முடியும்வரை அந்த ஆணை விலக்கப்படவே இல்லை. இதே கட்டடத்தின் முன்னால்தான் 1990 அக்டோபர் 3 பிறந்த நள்ளிரவில் ஒன்றான நாட்டின் கொடி ஏறியது. 1999-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கண்ணாடிக் கூரை வந்தது. முன்பதிவு செய்தால் இரவிலும் மேலே ஏறலாம். கீழே உறுப்பினர்கள் உட்காரும் அவை, அவர்கள் தலைக்கு மேல் ஜனங்கள் நடக்கிறார்கள்.

பிராண்டன்பர்க் வாயில் இங்கிருந்து கூப்பிடு தூரம். அதற்குள் இப்போது வண்டிகள் போகக்கூடாது, பஸ் சுற்றிக்கொண்டுதான் போகும். 1933 ஜனவரி 30 இரவு நாஜிகள் தீப்பந்தங்களோடு இந்த வாயில் வழியே ஊர்வலம் போனார்கள். நெருப்பைக் காட்ட இருட்டு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாயிலை ஒட்டிய வீட்டில் குடியிருந்தவர் மாக்ஸ் லீபர்மன். புகழ்பெற்ற ஓவியர், யூதர். வாந்தி எடுக்க நினைக்கும் அளவுக்குத் தன்னால் சாப்பிட முடியவில்லையே என்று அவர் அந்த நாட்களில் சொன்னதை பெர்லின்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் 1935-இல் இறந்தார். மனைவி மார்த்தாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1943-இல், 85 வயதில், வதை முகாமுக்கு அழைத்துப் போக ஆள் வருகிறது என்று தெரிந்ததும் விஷம் குடித்தார். வாயிலின் பக்கத்தில் அந்த வீட்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அதே வாயில்தான் 1961 ஆகஸ்ட் 13-உம் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் முள்வேலி போடத் தொடங்கினார்கள். ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. விடிந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அதுவரை கிழக்கிலிருந்து 25 லட்சம் பேருக்கும் மேல் வெளியேறியிருந்தார்கள்.

1989 நவம்பர் 9 கதை வேறு மாதிரி. மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், நேரடி ஒளிபரப்பில், குந்தர் ஷபோவ்ஸ்கி என்ற கட்சித் தலைவர் புதிய பயண விதிகளை ஒரு தாளிலிருந்து வாசித்தார். மறுநாள் வெளியாக வேண்டிய செய்தி அது. எப்போதிலிருந்து அமல் என்று ஒரு கேள்வி. தாளைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். அவ்வளவுதான். ஜனங்கள் எல்லைச் சாவடிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். இரவு பதினொன்றரை மணி வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராமலே தடுப்பைத் திறக்கச் சொன்னார். பிராண்டன்பர்க் வாயிலின் முன்னால் சுவர் மேடை மாதிரி அகலமாக இருந்தது. ராத்திரி முழுக்க அதன் மேல் ஜனங்கள் நின்றார்கள்.

பஸ் இனி உன்டர் டென் லிண்டன் சாலையில் போகும். 1826-இல் பெர்லினின் முதல் காஸ் விளக்குகள் எரிந்த சாலை. ஓபராவுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுங்க, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம். பேபல் சதுக்கத்தில் 1933 மே 10 இரவு, மாணவர்களும் பேராசிரியர்களும் கூடி சுமார் 20,000 புத்தகங்களை எரித்தார்கள். ஃபிராய்ட், மார்க்ஸ், ரெமார்க் எல்லாரும் எரிந்தார்கள். எரிஷ் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் தன் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தார். கோயபல்ஸ் பேசினார். கவனியுங்க, எரித்தது படிக்காத கூட்டம் இல்லை. எதிர்ப்பக்கம்தான் பல்கலைக்கழகம்.

இப்போது அந்தத் தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கிறது. இஸ்ரேலியச் சிற்பி மிக்கா உல்மன் 1995-இல் அமைத்தது. குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளை அறை, சுற்றிலும் காலி அலமாரிகள். 20,000 புத்தகங்களுக்கு இடம், ஒரு புத்தகம்கூடக் கிடையாது. பகலில் கண்ணாடியில் வானமும் நம் முகமும்தான் அதிகம் தெரியும். இருட்டினால் தரைக்குள்ளிருந்து வெளிச்சம் வரும், தூரத்திலிருந்தே தெரியும்.

மிச்சம் கொஞ்சம்தான். அரண்மனை இருந்த இடத்தில் கிழக்கு ஜெர்மனி 1976-இல் ‘குடியரசு மாளிகை’ கட்டியது. உள்ளே அத்தனை விளக்குகள்! தலைவர் எரிஷ் ஹோனெக்கர் பெயரைச் சேர்த்து ‘எரிஷ் விளக்குக் கடை’ என்று ஜனங்கள் கிண்டல் செய்தார்கள். அதையும் இடித்து, பழைய அரண்மனையின் முகப்போடு புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் 368 மீட்டர் உயர டிவி கோபுரம்.

யோசிக்கச் சொன்ன கேள்விக்கு என் பதில் இது. பகட்டுக்கு இருட்டு தேவைப்பட்டது, தீப்பந்தமும் புத்தக நெருப்பும் அப்படி. மறைக்கவும் இருட்டு தேவைப்பட்டது, சுவர் அப்படி. இவை இரண்டும் திட்டம் போட்டு நடந்தவை. 1989 நவம்பர் 9-க்கு எந்தத் திட்டமும் இல்லை. ஆட்சியாளர்கள் படுக்கப் போன நேரத்தில் ஜனங்கள் விழித்திருந்தார்கள், அவ்வளவே.

விண்வெளி வீரர்கள் 2010-களில் எடுத்த இரவுப் படங்களைத் தேடிப் பாருங்க. கிழக்கே மஞ்சள், மேற்கே வெள்ளை. தெரு விளக்குகளின் வகை வேறு. சுவர் போய் இருபது வருஷம் கழிந்தும், ராத்திரியானால் அதன் கோடு மேலிருந்து தெரிந்தது.