கண்மையும் கிராப்பும்

அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை. அதற்குள் எங்கள் தெருவில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "பொம்பளை மாதிரி ஆயிட்டானுங்க."

1996 ஜூன். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் செம்பாக்கத்தில் அன்று ஏரிக்கும் வீடுகளுக்கும் நடுவே வெற்று மனைகள்தான் அதிகம். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் போய் பஸ் பிடித்து, தாம்பரத்தில் இறங்கினால்தான் கேசட் கடை. என் அண்ணனும் அவன் நண்பர்கள் நான்கு பேரும் மொட்டை மாடியில் கூடி ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு துக்கம் அனுசரித்தார்கள். அதில் மெட்டாலிகா குழுவினரின் படம். இடுப்புவரை புரண்ட முடியெல்லாம் போய், நான்கு பேரும் கிராப்பு வெட்டியிருந்தார்கள். கிர்க் ஹாமெட்டும் லார்ஸ் உல்ரிக்கும் கண்மை தீட்டியிருந்தார்கள். ஆல்பத்தின் பெயர் 'லோட்'.

ஒரு மூத்த இசைக்குழு புதிய ஆல்பம் போடும்போது ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது புதிதல்ல. 'ரோஜா' வந்த 1992இல், "இது பாட்டா, கம்ப்யூட்டர் சத்தமா?" என்று கேட்ட பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். ஆனால் 'லோட்' மீதான கோபத்தின் சொற்களை இன்று எடுத்துப் பார்த்தால், அவை இசையைப் பற்றியவை என்பதைவிட ஆண்மையைப் பற்றியவை என்றே எனக்குப் படுகிறது. வேகம் குறைந்துவிட்டது, புளூஸும் கண்ட்ரியும் கலந்துவிட்டது என்ற விமர்சனங்கள் இருந்தன. அவற்றில் நியாயமும் இருந்தது. அவற்றுக்கு அடியில் ஓடியது வேறு. மென்மை, ஒப்பனை, விலைபோனது: இந்த மூன்றும் ஒரே குற்றத்தின் மூன்று பெயர்களாகப் புழங்கின.

இதற்கு முன்கதை உண்டு. 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' என்ற மெதுவான பாட்டு இருந்தது. மெட்டல் பக்கமே திரும்பாத பெண்கள் அதைக் கேட்டார்கள். அன்றிலிருந்தே பழைய ரசிகர்களுக்கு ஓர் உறுத்தல்: நம் குழுவைப் பெண்களும் கேட்கிறார்களே! ஓர் இசையின் தரம் குறைந்துவிட்டது என்பதற்கு அதைப் பெண்கள் விரும்புவதே சாட்சியாக நிறுத்தப்பட்டது. பீட்டில்ஸ் காலத்தில் அலறி அழுத சிறுமிகளைப் பைத்தியங்கள் என்று எழுதிய பத்திரிகைகளின் வாரிசுகள்தான் இவர்கள். அந்த அலறலைப் பெண்களின் ஒரு கலகமாகவே படிக்கலாம் என்று பார்பரா எரன்ரைக்கும் இரண்டு தோழிகளும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1992இல்தான் வந்தது.

மெட்டல் ஓர் ஆண் கோட்டை என்பதை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் டீனா வைன்ஸ்டீன் என்ற பெண் சமூகவியலாளர். 1991இல் வந்த புத்தகம் அது. அந்தக் கோட்டைக்குள் நுழையும் பெண், ஆண்களின் உடையையும் நடையையும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே சமமாக நடத்தப்படுகிறாள் என்று அவர் எழுதினார். நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போகவேண்டாம். சாரா டிக்கி 1980களில் மதுரையின் சினிமா ரசிகர் மன்றங்களை ஆராய்ந்து எழுதிய நூலில், மன்ற உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள்தான். படம் பார்க்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆனால் 'ரசிகர்' என்ற பட்டம் கட்-அவுட்டுக்கு மாலை போடுகிறவனுக்குத்தான்.

இந்தக் கோட்டையின் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மெட்டல் ஆண்மையின் சீருடையான கறுப்புத் தோலாடையும் இரும்புக் குமிழ்களும் 1970களின் இறுதியில் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு மேடையில் அணிந்ததால் பரவியவை. அதே ஹால்ஃபோர்டு 1998இல் எம்டிவியில் அமர்ந்து, தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். இருபது ஆண்டுகளாக உலகமெங்கும் முரட்டு ஆண்களின் அடையாளமாக இருந்த உடுப்பு யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் பலருக்கும் தெரிந்தது. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸ் குழுக்கள் லிப்ஸ்டிக் பூசி, முடியைப் பன்னாகத் தூக்கி வாரியபோது, அதையும் ஆண்மையின் இன்னொரு வித்தையாகத்தான் செய்தார்கள் என்று ராபர்ட் வால்ஸர் 1993இல் எழுதினார். பெண்ணின் ஒப்பனையை எடுத்துக்கொள்ளலாம், பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

முடி விஷயமும் அப்படித்தான். நூறு வருடத்துக்கு முன் இங்கே குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைத்துக்கொண்ட பையன்களைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் "துரை வேஷம்" என்று அழுதார்கள். நீள முடி ஆணின் ஒழுக்கமாக இருந்தது. அடுத்த இரண்டு தலைமுறையில் நீள முடி வைத்த ஆண் 'பொம்பளை மாதிரி' ஆனான். மொட்டை மாடியில் நடந்தது தலைகீழ். நீள முடியை வெட்டியதால் அவர்கள் பெண்ணாகிவிட்டார்களாம்! அண்ணனிடம் இதைக் கேட்டேன். "அது வேற, உனக்குப் புரியாது" என்றான்.

எனக்கு அப்போது பதினேழு. அந்தக் குழுவுக்குள் எனக்கு ஒரு மூலை இடம் கிடைத்திருந்தது. டீ கொண்டுபோகும் சாக்கில் உட்கார்ந்து, சாக்கு தீர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் பிடித்த இடம். வெற்று டிடிகே கேசட்டில் பதிவு செய்து தரும் கடைக்கு என் அண்ணன்தான் போவான், நான் பட்டியல் மட்டும் எழுதித் தருவேன். அலகாபாத்தில் 1993இல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' எங்களுக்கு எப்போதோ ஒரு இதழ் கைக்குக் கிடைக்கும். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஷீனா கமத் என்ற பெண் என்பது எனக்குத் தெரிந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அன்றே தெரிந்திருந்தால் ஒரு வாக்குவாதத்தையாவது ஜெயித்திருப்பேன்.

'லோட்' கேசட் வந்தது. கேட்டேன். பிடித்தது. "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான், அது கேள்வி அல்ல, பரீட்சை. "குப்பை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மூலை பத்திரமாக இருந்தது.

அந்த ஆல்பத்தில் அவர்கள் கேட்காமல் போனது என்ன என்பதைச் சொல்லவேண்டும். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் அம்மா சிந்தியா ஒரு பாடகி. மெல்லிசை ஓபராக்களில் பாடியவர். அவர் சார்ந்திருந்த கிறிஸ்தவ விஞ்ஞானப் பிரிவு மருத்துவத்தை ஏற்பதில்லை. புற்றுநோய் வந்தபோது சிகிச்சை எடுக்காமலே 1980இல் இறந்தார். அப்பா அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தார். ஹெட்ஃபீல்டுக்கு அப்போது வயது 16. 'லோட்' ஆல்பத்தின் முதல் சிங்கிளாக வந்த 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்' அந்த நோயைப் பற்றியது. 'மாமா செட்' அந்த அம்மாவிடமே பேசும் பாட்டு. மெட்டல் குழு ஒன்று கண்ட்ரி இசையின் சாயலில், உரத்த கிதாரைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடியது. ஆக, 'பொம்பளைத்தனம்' என்று கேலி செய்யப்பட்ட ஆல்பத்தின் நடுவில் உண்மையிலேயே ஒரு பெண் இருந்தாள். இறந்துபோன ஒரு தாய். அவளைப் பற்றி மொட்டை மாடியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

ஹெட்ஃபீல்டை இதனால் பெண்ணியத் தோழராக்கிவிட முடியாது. அந்தக் கண்மையும் படங்களும் உல்ரிக், ஹாமெட் இருவரின் விருப்பம். தனக்கு அது ஒட்டவில்லை என்றும், கையேட்டுக்கு எடுத்த படங்களில் பாதியைத் தானே நீக்கிவிட்டதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். ரசிகனின் பதற்றம் குழுவுக்குள்ளேயே இருந்தது. ஆனால் கோபமெல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 6,80,000 பிரதிகள் விற்று ஆல்பம் முதலிடம் பிடித்தது. வாங்கினார்கள், திட்டினார்கள்.

2003இல் 'செயின்ட் ஆங்கர்' வந்தபோது புகார்ப் பட்டியல் வேறு. கிதார் தனி ஆவர்த்தனம் ஒன்றுகூட இல்லை. டிரம் தகரடப்பா போல ஒலிக்கிறது. டிரம் விஷயத்தில் நான் ரசிகர்கள் கட்சி, இன்றும் அந்த ஓசை எனக்குத் தலைவலி. ஆனால் அடுத்த வருடம் வந்த 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படம்தான் அவர்களை அதிகம் நெளிய வைத்தது. குடிநோய் சிகிச்சை முடிந்து திரும்பிய ஹெட்ஃபீல்டு பகல் 12 முதல் 4 மணி வரைதான் வேலை செய்வேன் என்கிறார். மகளின் பாலே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். குழுவினர் மாதம் 40,000 டாலர் வாங்கும் ஆலோசகர் முன் அமர்ந்து, மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் திணறுகிறார்கள். நான்கு மணிக்குக் கிளம்புவது உல்ரிக்குக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காட்சியை நான் பார்த்தபோது எனக்கு வேலையும் இருந்தது, கைக்குழந்தையும் இருந்தது. நான்கு மணிக்குப் பையைத் தூக்கும் பெண்ணை அலுவலகம் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அதே பார்வை ஒரு கோடீஸ்வர ராக் பாடகன் மீது விழுவதைப் பார்த்தபோது, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

2011 அக்டோபர் 30. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா. இரண்டு நாள் முன்பு குர்கான் நிகழ்ச்சி ரத்தாகி, ஆத்திரமடைந்த கூட்டம் மேடையை அடித்து நொறுக்கிய செய்தி வந்ததால் வீட்டில் யோசித்தார்கள். இரண்டு தோழிகளோடு ரயிலேறிப் போனேன். மைதானத்தில் பக்கத்தில் நின்ற பையன், கல்லூரி வயதுதான், என் டி-ஷர்ட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சு பாட்டு சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். ஐந்து சொன்னேன். ஐந்தும் 'லோட்' ஆல்பத்திலிருந்து. அவனுக்கு அதில் இரண்டுதான் தெரிந்திருந்தது.

மறுநாள் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது 'லூலு'. லூ ரீடோடு சேர்ந்து செய்த ஆல்பம். இதைவிட அதிகம் வெறுக்கப்பட்ட மெட்டாலிகா ஆல்பம் இல்லை. ஜெர்மன் நாடக ஆசிரியர் ஃப்ராங்க் வெடகிண்டின் இரண்டு நாடகங்களில் வரும் லூலு என்ற பெண்ணின் கதை அது: ஆண்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆசைக்கேற்ப அவளுக்குப் பெயரும் உருவமும் கொடுக்கிறார்கள், கடைசியில் கொலையாகிறாள். அறுபது வயது தாண்டிய ரீடு பல இடங்களில் அவளாகவே நின்று பேசுகிறார். இதிலும் எனக்குப் புகார் உண்டு. பெண்ணின் வதையை ஆண்கள் எழுதி, ஆண்கள் பாடி, ஆண்கள் வாசித்த ஆல்பத்தில் பெண்ணுக்கு என்ன மிச்சம்? ஆனால் அன்று எழுந்த ஏளனத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஒரு கிழவர் பெண்குரலில் பேசுகிறார் என்பதே போதுமான நகைச்சுவையாக இருந்தது. 2013இல் ரீடு இறந்தார். அவர் செய்ததிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று டேவிட் போவி தன்னிடம் சொன்னதாக அவர் மனைவி லாரி ஆண்டர்சன் 2015இல் மேடையில் சொன்னார். அதன் பிறகுதான் சிலர் மறுபடி கேட்டார்கள். ஓர் ஆண் மேதையின் சான்றிதழ் தேவைப்பட்டது.

2023 ஏப்ரலில் வந்த '72 சீசன்ஸ்' பற்றியும் இரண்டு கட்சிகள். ஒரு மனிதனின் முதல் பதினெட்டு வருடங்கள், வருடத்துக்கு நான்கு பருவம், ஆக எழுபத்திரண்டு. 77 நிமிடம் ரொம்ப நீளம் என்றார்கள் சிலர். பழைய வேகம் திரும்பிவிட்டது என்றார்கள் வேறு சிலர். மெதுவான பாட்டு ஒன்றுகூட இல்லை என்பது சிலருக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம். துயரத்தைக் காதலியாக உருவகிப்பது. நாற்பது வருடம் கழித்தும் துயரத்துக்குப் பெண்ணுருதானா என்று அலுத்துக்கொண்டே மூன்று முறை கேட்டேன்.

2025 ஜூனில் 'லோட்' மெருகேற்றப்பட்டு மறுபடி வெளிவந்தது. ஐம்பதைத் தொட்ட என் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் இணைப்பை அனுப்பி, இது எவ்வளவு ஆழமான ஆல்பம் என்று நான்கு வரி எழுதியிருந்தான். நான் தனியாகப் போன் செய்தேன்.

"பொம்பளை மாதிரி ஆயிட்டானுங்கன்னு சொன்னது யாருண்ணா?"

"அது அவன் சொன்னது. எனக்கு எப்பவுமே புடிக்கும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீயும்தான் குப்பைன்னு சொன்னே" என்றான்.

அன்று மாலை பரணில் ஏறித் தேடினேன். கேசட் இருந்தது, நாடாவில் பூஞ்சை பூத்து. அண்ணனின் நண்பர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று அப்போது நான் ஒட்டிய சீட்டு உரியாமல் இருந்தது. அதில் என் கையெழுத்தில்: 'ஹிந்தி பிராத்மிக், பாடம் 1 முதல் 12'.