தெருப் பாடகரின் சீடன்

நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஆனால், அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசையில் பெரிய பெயர் எது என்று கேட்டுப் பாருங்கள்... ‘ஹாங்க் வில்லியம்ஸ்’ என்பார்கள்!

1923-ல் அலபாமா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு. ஓடியாட முடியாத பையனுக்கு கிட்டார்தான் துணை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ரூஃபஸ் பேன் என்கிற கறுப்பினத் தெருப் பாடகர். வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று சட்டமே இருந்த மண்ணில் நடந்த குருகுலம் அது!

1949, ஜூன் 11. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ ரேடியோ மேடையில் ஏறியபோது ஹாங்க்குக்கு வயது 25. ‘ஒன்ஸ் மோர்’ கேட்டு கூட்டம் அவரை விடவில்லை. அப்புறம் என்ன... சொந்தமாக எழுதிய பாட்டெல்லாம் ஹிட்! கூடவே, தீராத முதுகுவலி. வலியை மறக்கக் குடி. 1952-ல் அதே மேடை அவரை வெளியே அனுப்பியது. 1953 புத்தாண்டு தினம்... கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 29!

2010-ல், சீடனின் பெயருக்குப் புலிட்சர் சிறப்பு விருது வந்தது. குரு? 1939-லேயே வறுமையில் இறந்துபோனார். அவர் பாடிய ரெகார்டு ஒன்றுகூடக் கிடையாது. ஹாங்க்கின் பாட்டை எங்காவது கேட்க நேர்ந்தால், கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்... அந்தத் தெருப் பாடகர் மிச்சமிருப்பது அதற்குள்தான்!