உடப்பு: மணல் திட்டில் நிலைத்த தமிழ்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நீர்கொழும்பைத் தாண்டியதும் ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போவது எனது நெடுநாள் வழக்கம். பத்திரிகைப் பணிக்காக அவ்வழியே எத்தனை முறை பயணம் செய்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பலகைகளில் இருப்பவை சிங்களப் பெயர்கள்தாம். ஆனால் சற்றே கீறிப் பார்த்தால் பலவற்றின் அடியில் தமிழ் தென்படும். சிங்களத்தில் ஹலாவத்த எனப்படும் ஊர் நமக்குச் சிலாபம். முத்துக் குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே அப்பெயருக்கு மூலம் என்பர். புதிய உப்பளம், அதாவது புது அளம், புத்தளம் ஆயிற்று என்பது பலரும் ஏற்ற விளக்கம். கடலுக்குள்ளோ ஏரிக்குள்ளோ முந்தி நிற்கும் நிலம் முந்தல். புத்தளத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பெருநிலப் பிரிவொன்றுக்கு 'தெமள ஹத்பத்துவ', அதாவது 'தமிழ் ஏழு பற்று' என்று சிங்களத்திலேயே பெயர். இன்று அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவோர். பெயரில் மாத்திரம் தமிழ் எஞ்சியிருக்கிறது.

பெயர் போய் மொழி தங்கிய இடம் ஏதேனும் உண்டா என்று தேடினால், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே பத்துளு ஓயாவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். ஒல்லாந்தர் கால்வாயைக் கடந்தால் கடலுக்கும் முந்தல் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் உடப்பு இருக்கிறது. சிங்களவர் அதனை உடப்புவ என்பர். அங்கே பெயரும் தமிழ், பேச்சும் தமிழ். அண்டிமுனை போன்ற அயலூர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ முழுமையும் சைவத் தமிழ் மீனவர் வாழும் ஒரு சிறு வட்டம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தின் மக்கள்தொகை 7 இலட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம். அதில் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு ஆறு பேர் அளவினரே. அந்த ஆறில் உடப்புக்கு உள்ள இடம் பெரிது.

உடப்பு என்ற பெயர் 'உடைப்பு' என்பதன் திரிபாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மாரியில் ஏரி நிரம்பி மணல் மேட்டை உடைத்துக் கடலோடு கலக்கும் இடத்துக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

ஊரின் தோற்றம் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது இது. இராமநாதபுரக் கரையில் இவர்களின் முன்னோர் வாழ்ந்த காலத்தில், அதிகாரத்தில் இருந்த ஒருவன் இவர்களிடம் பெண் கேட்டான். கொடுக்க மனமில்லாதவர்கள் இரவோடிரவாகத் தோணிகளில் ஏறிக் கடலைக் கடந்து இக்கரையை அடைந்தார்கள். இது நடந்தது ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பு என்பர். பெண் கேட்ட மன்னனுக்கு அஞ்சி இடம்பெயர்ந்த கதை தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகங்களிடம் உண்டு. ஆகவே கதையின் நிகழ்ச்சியை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள நான் துணியமாட்டேன். ஆனால் அது சுட்டும் திசையும் காலமும் நம்பத்தக்கவை. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் ஒரே தெருவின் இரு பக்கங்களாக இருந்த காலம் அது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1667இல் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையை 1676இல் கட்டி முடித்தனர். போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த அந்த இடைக்காலத்தில், எவருக்கும் பெரிதாக வேண்டியிராத ஒரு மணல் திட்டில் சில குடும்பங்கள் வந்து குடிசை போட்டிருந்தால் அதைப் பதிவேட்டில் எழுத யார் இருந்திருப்பார்கள்?

இவர்கள் வருவதற்கு முன்பு இக்கரை வெறுமையாகக் கிடந்ததென எண்ணிவிடலாகாது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா கரையேறியது புத்தளத்தில். அங்கே மாளிகை வைத்திருந்த ஆரியச் சக்கரவர்த்தியே அவரை வரவேற்றுப் பாவாத மலைக்கு அனுப்பிவைத்தான். மலைக்குப் போகும் வழியில் அவர் குறிப்பிடும் ஓர் ஊரை முந்தல் பகுதியாக இனங்காண்போர் உண்டு. அது சரியாயின், பின்னாளில் உடப்பு எழுந்த மண்ணுக்கு அருகாக அவர் போயிருக்கிறார். தெற்கே முன்னேசுவரம் 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்திசிறி இராசசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்தது. வடக்கே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கை பற்றிய முதல் பெரும் ஆங்கில நிலவியல் அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலையும் தந்தவர். நமது இலக்கிய வரலாற்று எழுத்தின் முன்னோடி ஒருவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அல்லாமல் இந்தப் புத்தளக் கரையில் தோன்றினார் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம்.

இத்தகைய கரை எவ்வாறு மொழி மாறியது? நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் கடந்து வடக்கே, தமிழ் பேசிய மீனவர் ஊர்கள் வரிசையாக இருந்தன. 16ஆம் நூற்றாண்டு முதல் அவர்கள் கத்தோலிக்கர் ஆயினர். மதம் மாறியபோது மொழி மாறவில்லை. பூசையும் பிரார்த்தனையும் தமிழில் நடந்தன. மொழி மாறியது பின்னர், அதுவும் பள்ளிக்கூடம் வழியாக. பள்ளிக்கூடங்கள் திருச்சபையின் கையில் இருந்தன. 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை சிங்களப் புலமை மிக்கவர். சிங்கள வழிக் கல்வியை ஊக்குவித்தவர். அவரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. சிங்களப் பெரும்பான்மை நாட்டில் தம் மக்களின் வருங்காலம் எதில் இருக்கிறது என்பதற்கு அவர் கண்ட விடை அது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவ்விடை சரியானதே என்று பல பெற்றோர் எண்ணியிருப்பர். ஒரு தலைமுறையில் பிள்ளைகளின் பள்ளி மொழி மாறியது. அடுத்த தலைமுறையில் வீட்டு மொழியும் மாறியது. நீர்கொழும்பு மீனவரின் தமிழ் இன்று மொழியியலாளர் ஆராயும் தனிக் கிளைமொழி. பேரப்பிள்ளையிடம் சிங்களமும் கடலில் சக தொழிலாளியிடம் தமிழும் பேசும் முதியவர்களை அங்கே நானே சந்தித்திருக்கிறேன்.

இக்கரையில் தமிழ் எங்கே நிலைத்தது என்று பார்த்தால் ஒன்று புலப்படும். முஸ்லிம் ஊர்களில் நிலைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் வந்து தங்கியபின் அது மேலும் வலுப்பெற்றது. சைவ ஊர்களில் நிலைத்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு தலைமைப்பீடம் பள்ளி மொழியைத் தீர்மானித்த ஊர்களில் அது கரைந்தது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கற்பிட்டிப் பக்கம் தமிழ் பேசும் கத்தோலிக்கரும் உண்டு. ஆயினும் பொதுப்போக்கு இதுவே. உடப்பில் கோயில் ஊரவருடையது. அதன் மொழியை மாற்ற வெளியிலிருந்து எவராலும் உத்தரவிட முடியாது.

அந்தக் கோயில் திரௌபதை அம்மன் கோயில். பார்த்தசாரதிப் பெருமாளும் உடன் எழுந்தருளியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆடிமாதத்தையொட்டி, பாரதப் போர் நடந்த பதினெட்டு நாட்களைப் போலவே பதினெட்டு நாட்கள் திருவிழா நடைபெறும். பாரதம் படிக்கப்படும். திரௌபதை கல்யாணம், அருச்சுனன் தவம் என்று கதை நகர்ந்து இறுதியில் தீமிதிப்பில் முடியும். திரௌபதை வழிபாட்டின் நடுவிடம் தமிழ்நாட்டின் செஞ்சிப் பகுதி என்பது ஆல்ப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க அறிஞர் விரிவாக ஆராய்ந்து நிறுவியது. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்போரிடம் செஞ்சித் தெய்வம் எப்படி வந்து சேர்ந்தது? ஊரின் தோற்றக் கதை சொல்லாத ஏதோ ஒரு பயணம் இதில் மறைந்திருக்கிறது. சப்பானிய மானிடவியலாளர் மசகாசு தனாகா இம்மேற்குக் கரையின் தமிழ் மீனவர் ஊரொன்றில் 1980களின் தொடக்கத்தில் தங்கி ஆய்வு செய்து, அவர்களின் பெண்தெய்வ வழிபாடு பற்றி 1991இல் ஒரு முழுநூலே எழுதினார். கியோத்தோவில் அச்சான அந்நூலைப் புரட்டியபோது, நம்மூர்ப் பத்திரிகைகளில் நாங்கள் எழுதியதெல்லாம் திருவிழா அறிவித்தல்கள் மட்டும்தானே என்று வெட்கமாக இருந்தது.

திருவிழா ஆடியில் வருவதற்குக் காரணம் பாரதத்தில் மட்டும் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; கரைவலை போட இயலாது. வாடைக் காலத்தில்தான் இங்கே தொழில். சோளகத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்குமாதலால் உடப்பு மீனவர் வலையையும் தோணியையும் எடுத்துக்கொண்டு திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது வழக்கம். ஆண்டில் சில மாதங்களைத் தமிழ் வழங்கும் கிழக்குக் கரையில் கழித்தவர்களுக்கு மொழி மங்குவதற்கு வாய்ப்புக் குறைவு. 1983க்குப் பின் போர் அந்தப் பாதையை அறுத்துப் போட்டது.

கரைவலையைப் பார்த்திராத வாசகருக்காக ஒரு சொல். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து மறு கயிற்றைக் கரை சேர்க்கும். பிறகு இரு புறமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். நடுவிலுள்ள மடியில் நெத்தலி, சூடை, சாளை, காரல் என்று அன்றைய அதிர்ஷ்டம் வந்து சேரும். வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். வலை உடைமையாளர் சம்மாட்டி. இழுத்தவர்களுக்குக் கூலி இல்லை, பங்கு. ஒரு வலைக்கு முப்பது, நாற்பது பேர் வேண்டியிருந்தது. அத்தனை பேரின் கையும் காலும் ஒரே கணத்தில் இயங்கினால்தான் வலை நகரும். அதற்காகப் பிறந்ததே அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிச் சொல்லி இழுப்பர். அம்மனைப் பாடுவார்கள், கிண்டல் பண்ணுவார்கள், சம்மாட்டியையே சாடுவார்கள். வலை கனக்கக் கனக்கப் பாட்டின் கதி மாறும். சிங்களக் கரையிலும் இழுவைப் பாட்டு உண்டு. ஆனால் உடப்பின் அம்பா தமிழில் மட்டுமே நடக்கக்கூடியது. அதைப் பாடத் தெரியாதவன் வலையில் நிற்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் போகாத சிறுவனுக்கும் தமிழின் சந்தத்தைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அதுதான். உடப்புத் தமிழ் மகா வித்தியாலயம் பின்னர் எழுத்தறிவைத் தந்தது. அதற்கு முன்பே மொழியைக் காத்து வைத்திருந்தது கயிறு என்று நான் சொன்னால் மிகையெனக் கருத வேண்டாம்.

அந்தக் கயிற்றுக்குத்தான் இப்போது ஆபத்து. 1980களில் முந்தல் ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. குளங்களும் கெட்ட நீரும் மிஞ்சின. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது சிதறிய பிளாஸ்டிக் மணிகள் இந்தக் கரை வரை வந்து ஒதுங்கின. கடலரிப்பு ஒவ்வோராண்டும் திட்டைக் கரைக்கிறது. இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. உள்ளிருந்தே வந்தது உழவு இயந்திரம். அதன் பின்னால் பூட்டிய 'வின்ச்' உருளை கயிற்றைச் சுருட்டி இழுத்துவிடும். நாற்பது பேர் செய்த வேலைக்குப் பத்துப்பேர் போதும். கடற்படுகையைக் கெடுக்கிறது என்று அரசு அதற்குத் தடை விதித்தது. ஆள் கிடைக்காத நிலையில் இயந்திரமின்றித் தொழிலே செய்ய முடியாது என்று கரைவலைத் தொழிலாளர் பல ஊர்களிலும் குரல் எழுப்பினர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊரில் நாற்பது தோள்களை எங்கே தேடுவது? கையால்தான் இழுக்க வேண்டும் என்று, ஒருநாளும் கயிறு பிடித்திராத என் போன்றவர்கள் சொல்வது எளிது.

ஆனால் உருளைக்குப் பாட்டு வேண்டியதில்லை. உடப்பின் அம்பா கலைவிழா மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. வேட்டி கட்டி, கயிற்றை இழுப்பதுபோல் பாவனை செய்து பாடுகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. கனமில்லாத கயிற்றுக்குப் பாடும்போது கதி மாறுவதில்லை என்பதுதான் குறை. வலையோடு சேர்த்துப் பாட்டை அறிந்த கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. எந்தப் பாடு, எந்த மாதம், வலை எந்தத் தூரத்தில் வரும்போது எந்தப் பாட்டு என்ற விவரத்தோடு அவற்றைப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. புலம்பெயர் நாடுகளில் ஊர்ச்சங்கங்களும் கருவிகளும் பணமும் உள்ள வாசகர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக நான் அங்கே போயிருந்த காலை, கரையில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கயிறு உருளையில் சுற்றச் சுற்ற, வந்து விழுந்ததை இரண்டு பையன்கள் வளையமாக அடுக்கினர். சற்றுத் தள்ளி, தலையில் துண்டு கட்டிய முதியவர் ஒருவர் கயிற்றில் கையை வைத்தபடி, இழுக்காமல் கூடவே நடந்து வந்தார். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.