கேஸ் மாத்திரையை நிறுத்தினா ஏன் எரியுது?

"இந்த மாத்திரைய விட்டாலே நெஞ்சு எரியுது டாக்டர்"னு ஓபியில தினமும் கேட்கிறேன். அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1988-ல் ஒமிப்ரசோல் விற்பனைக்கு வந்தது. அமிலத்தை அடக்குவதில் பழைய மருந்துகளை மிஞ்சியது. 2009-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கு அதே வகை எசோமெப்ரசோலை 8 வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த 4 வாரத்தில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு மாதிரி தொல்லைகள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான்!

காரணம்? அமிலத்தை அடக்கும்போது காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறும். மருந்தை விட்டதும் அமிலம் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்கும்.

அதனால, எரிஞ்சா உடனே நோய் திரும்பிடுச்சுனு முடிவு கட்டாதீங்க. டாக்டரைக் கேட்டு டோஸை மெல்லக் குறைங்க. தினமும் வலி மாத்திரை எடுப்பவர்கள், அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள் நீங்களா நிறுத்தவே கூடாது.