மூளைக்குக் கணக்குப் போட்டவர்கள்

1951-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்சாக் கணினியை மாற்றியமைப்பதற்காகச் சில மாதங்கள் நிறுத்திவிட்டார்கள். உடலியங்கியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு அப்போதுதான் கணினி தேவைப்பட்டது. காத்திருக்க மனமில்லாமல் அவர் பிரன்ஸ்விகா என்ற கைக்கணக்கு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைத்தையல் இயந்திரத்துக்கு இருப்பதுபோல அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. எண்ணை அமைத்துவிட்டு முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். பெருக்க வேண்டுமா, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரே ஒரு நரம்பிழையில் மின்துடிப்பு ஓடுகிற சில மில்லிநொடிகளைக் கணக்கிட அவருக்கு வாரக்கணக்கில் ஆனது.

அந்த நரம்பிழை ஊசிக்கணவாயுடையது. ஆபத்து என்றால் நீரைப் பீய்ச்சியடித்துத் தப்பும் பிராணி அது. அந்த வேகத்துக்கென்றே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனில் அதற்கு ஒரு நரம்பிழை உண்டு. நம் நரம்பிழைகளோடு ஒப்பிட்டால் அது வடக்கயிறு. உள்ளே மின்கம்பியையே நுழைத்துவிடலாம். ஆலன் ஹாட்கினும் ஹக்ஸ்லியும் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் அதைத்தான் செய்தார்கள். மின்னழுத்தத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, சோடியம் எவ்வளவு உள்ளே வருகிறது, பொட்டாசியம் எவ்வளவு வெளியே போகிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். அந்த அளவுகளைச் சமன்பாட்டில் இட்டுக் கைப்பிடியைச் சுற்றியபோது, துடிப்பின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. உண்மையான நரம்பிழையில் அது 21.2 மீட்டர். 1952-ல் கட்டுரைகள் வெளிவந்தன; 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமன்பாட்டில் போட்ட எண்கள் எல்லாம் கணவாயிடமிருந்து வந்தவை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரத்தை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அரை நூற்றாண்டு கழித்து, 2005-ல், யூஜீன் இஷிகேவிச் 27 செயலிகளைச் சேர்த்து 10,000 கோடி நரம்பணுக்கள் கொண்ட மாதிரி ஒன்றை ஓட்டினார். எண்ணிக்கையில் மனித மூளையின் அளவுதான். மாதிரிக்குள் ஒரு நொடி கழிய வெளியே 50 நாட்கள் பிடித்தன. நரம்பணுக்களுக்கு இடையிலான சினாப்ஸ் இணைப்புகளைச் சேமிக்க வேண்டுமானால் 10,000 டெராபைட் நினைவகம் வேண்டும். அதற்கு வழியில்லாததால், ஒவ்வொரு கணமும் இணைப்புகளைப் புதிதாக உண்டாக்கிப் பயன்படுத்திவிட்டு அழித்தார். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் அந்த இணைப்புகள் எந்த மண்டையிலும் அளக்கப்பட்டவை அல்ல.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நரம்பியலாளர் ஹென்றி மார்க்ரம் ‘புளூ பிரெய்ன்’ திட்டத்தைத் தொடங்கினார். அவருக்கு எண்ணிக்கையைவிட நுணுக்கம் முக்கியம். நரம்பணுவை வெறும் புள்ளியாக வைக்காமல் கிளையும் கொப்புமாக, ஹாட்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளின் வாரிசுகளைக் கொண்டு எழுப்பினார். ஐபிஎம் அதற்குப் புளூ ஜீன் கணினியைத் தந்தது. 2009-ல் ஆக்ஸ்போர்டு மேடையொன்றில், பத்தே ஆண்டுகளில் மனித மூளையைக் கணினிக்குள் கட்டிவிடலாம் என்றார் மார்க்ரம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சண்டை வெடித்தது. ஐபிஎம்மின் தர்மேந்திர மோதா, மும்பை ஐஐடியில் படித்தவர், பூனையின் பெருமூளைப் புறணி அளவுக்கான மாதிரியை அறிவித்தார். 1,47,456 செயலிகள், 160 கோடி நரம்பணுக்கள், ஏறத்தாழ 9 லட்சம் கோடி சினாப்ஸ்கள். கார்டன் பெல் பரிசும் கிடைத்தது. மார்க்ரமுக்கோ கோபம் தலைக்கேறியது. இவை நரம்பணுக்களே அல்ல, வெறும் புள்ளிகள், இது விளம்பர வேலை என்று ஐபிஎம் மேலதிகாரிக்கே கடிதம் எழுதினார். எண்ணிக்கை பூனை அளவு என்பதால் மாதிரி பூனையாகிவிடாது என்பதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அவர் நீட்டிய விரல் அவரையே சுட்டும் நாளும் வந்தது.

நடுவே 2013-ல் ஜப்பானின் கோபே நகரில் ‘கே’ கணினி 82,944 செயலிகளோடு 173 கோடி நரம்பணுக்களை இயக்கியது. மூளையின் ஒரு நொடிக்கு 40 நிமிடம் ஆனது. இணைப்புகள் குருட்டாம்போக்கில் போடப்பட்டவை. கணினியும் மென்பொருளும் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பதே நோக்கம் என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். மூளையைக் கட்டிவிட்டதாக யாரும் மார்தட்டவில்லை.

அதே 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம், நூறு கோடி யூரோ என்ற பேச்சோடு, மார்க்ரம் முன்னின்ற ‘மனித மூளைத் திட்ட’த்தைத் தொடங்கியது. அடுத்த ஜூலையிலேயே நரம்பியலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. தெரியாத எண்கள் இவ்வளவு இருக்கும்போது அடியிலிருந்து மூளையைக் கட்டுவது எப்படி என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. சமரசக் குழு அமைந்தது, நிர்வாகம் கைமாறியது. திட்டம் 2023 செப்டம்பரில் முடிந்தபோது மூளை வரைபடங்களும் மென்பொருள் கருவிகளும் மிஞ்சின. வாக்களித்த மூளை வரவில்லை.

மார்க்ரம் குழு எதையும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2015-ல் அவர்கள் எலிக்குஞ்சின் மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான துணுக்கைக் கணினிக்குள் எழுப்பிக் காட்டினார்கள். 31,000 நரம்பணுக்கள், 3.7 கோடி சினாப்ஸ்கள். 82 பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. எந்த வகை நரம்பணு எந்த வகையோடு எப்படி இணைகிறது என்பதில் ஆய்வகத்தில் நேரடியாக அளந்தவை கொஞ்சமே. மற்றவற்றை விதிகள் வகுத்து ஊகித்தார்கள். நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா செல்கள் இல்லை, ரத்தக் குழாய் இல்லை, பழகப் பழக இணைப்பின் வலு மாறும் தன்மையும் இல்லை. பிளிமத்தில் அரை மில்லிமீட்டர் இழைக்குள் கம்பி நுழைந்தது. இந்தத் துணுக்கில் அந்தச் சலுகை கிடையாது.

‘சரி, எல்லா இணைப்பும் தெரிந்துவிட்டால்?’ என்று கேட்கலாம். தெரிந்த பிராணி ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவின் 302 நரம்பணுக்களையும் அவற்றின் இணைப்புகளையும் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழு மின்னணு நுண்ணோக்கியில் சீவல் சீவலாகப் பார்த்து 1986-லேயே வெளியிட்டுவிட்டது. 2011 முதல் தன்னார்வலர்கள் ‘ஓப்பன்வோர்ம்’ என்ற பெயரில் அதைக் கணினியில் நெளியவைக்கப் பாடுபடுகிறார்கள். உடல் நெளிகிறது, நிஜப் புழுவின் வாழ்க்கை இன்னும் வரவில்லை. யார் யாரைத் தொடுகிறார் என்பதை வரைபடம் சொல்லும். அந்தத் தொடுகை தூண்டுகிறதா அடக்குகிறதா, எவ்வளவு வலுவாக என்பதைச் சொல்லாது.

2023-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். புழுவின் ஒரு நரம்பணுவை ஒளியால் தூண்டுவது, மற்றவற்றில் எது விழிக்கிறது என்று பார்ப்பது, பிறகு அடுத்த நரம்பணு. இப்படி 23,000-க்கும் மேற்பட்ட இணைகளை அளந்தார்கள். 1986-ன் வரைபடத்தை வைத்துக் கணித்ததும் இந்த அளவுகளும் பல இடங்களில் பொருந்தவில்லை. சில சமிக்ஞைகள் இணைப்பே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நரம்பணு வெளியில் கசியவிட்ட வேதிப்பொருள் அவற்றைச் சுமந்து சென்றிருந்தது.